கூழைக்கடா சாருக்கு மூன்று சாட்சிகள்

தண்ணீர் லாரி வந்து, தொட்டி நிரம்பி, லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே தெருவைவிட்டுப் போன பிறகு, ஜாய்சன் வாட்ஸப்பில் ஒரு பொய்யைப் போட்டான்.

பொய் ஒரு படமாக இருந்தது. கறுப்பு வெள்ளை. குறுக்கே இரண்டு கோடுகள், மூலையில் ஈசல் அப்பியதுபோல் புள்ளிகள். கரும்பலகைக்கு முன்னால் மேசை. மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கூழைக்கடா. அலகுக்குக் கீழே பை தொங்கியது. படத்தின் அடியில் எழுதினான்: “கூழைக்கடா சார். பழைய பள்ளி ஒளிபரப்பு. யாருக்காவது ஞாபகம் இருக்கா?”

யாருக்கும் இருக்க வழியில்லை. அந்தப் பறவை, ஜாய்சனின் மனைவி ஜென்சி பள்ளிக்கூடத்தில் போட்ட வெள்ளை சாக்ஸ். அலகு, அவர்கள் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சிய அட்டை. தொங்கும் பை, மளிகைக்கடை மஞ்சப்பையில் வெட்டியது. பள்ளிக்கரணையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் சதுப்பு நிலம் தெரியும். அங்கே கூழைக்கடாக்கள் வரிசையாக நின்று, மார்க் கொடுக்க மனமில்லாத வாத்தியார்களைப்போலத் தண்ணீரை முறைத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் ஜென்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “உன் தப்பை என் பையில போடு, சரியானதை உன் கையில எடு” என்றாள். அப்படித்தான் கூழைக்கடா சார் பிறந்தார். அவர் கணக்கு வாத்தியார். பிள்ளைகளின் தப்பான விடைகளை எல்லாம் விழுங்கிப் பையில் வைத்துக்கொள்வார். அவர் வந்ததெல்லாம் அவர்கள் வீட்டுச் சமையலறையில்தான், சோறு வேகும் நேரத்தில்.

ஜென்சி போன வருடம் ஜூலையில் இறந்தாள். நோய் என்று தெரிந்ததற்கும் முடிந்ததற்கும் நடுவில் ஒரு பள்ளி விடுமுறைக் காலம்தான் இருந்தது.

அதன்பிறகு ஜாய்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிரச்சினை. மேடவாக்கத்தில் ஒரு கம்பெனியில் பிள்ளைகளுக்கான இணையவழிப் பாட வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவன் வேலை. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். சர்ச்சில் கையைப் பிடித்து, “ஆண்டவர் பலன் தருவார் தம்பி” என்றவர்களிடம், “சரிங்க” என்றான். நேற்று சார்ஜர் தேடும்போது அலமாரியில் அந்த சாக்ஸ் கிடைத்தது. எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது. தன் கன்னம் வேலைக்காகாது என்று தெரிந்ததும், ஊரார் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கலாம் என்று தோன்றியது. படம் எடுத்து, பழசாக்கி, போட்டுவிட்டான்.

போட்ட இடம் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற குழு. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் வசிக்கும், முடி நரைத்த, பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள் நாற்பது பேர் அதில் இருந்தார்கள்; வீடியோ வேலை தெரிந்தவன் என்று ஜாய்சனையும் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரே பைத்தியம்: அந்தக் காலத்துச் சென்னைத் தொலைக்காட்சி. அதிலும் பகலில் பள்ளிகளுக்கென்று வந்த பாடங்கள். தூர்ந்துபோன நிகழ்ச்சிகளின் பெயரை யாராவது ஞாபகப்படுத்திச் சொல்வார்கள். ஒருவர் சொன்னால் அது வதந்தி. மூன்று பேர் சொன்னால் சாட்சி. எட்மண்ட் சார் சொல்லிவிட்டால் சத்தியம். இதுதான் குழுவின் சட்டம்.

எட்மண்ட் சார் ஜென்சியின் அப்பா. கிழக்குத் தாம்பரத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் என்றால் அவருக்கு அலர்ஜி. ஜென்சியைப் பெண் பார்க்க வந்தபோது ஜாய்சனின் அம்மா, “பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?” என்று மரியாதைக்குக் கேட்டார். “தெரியாது. கத்துக்கவும் மாட்டா” என்றார் எட்மண்ட். பக்கத்தில் அவர் மனைவி தபீதாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மகளைப் புதைத்த பிறகு மாமனாரும் மாப்பிள்ளையும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பேச்சை எங்கே தொடங்கினாலும் அது ஜென்சியிடம்தான் போய் முடியும். அதனால் இருவரும் தொடங்கவில்லை. குழுவில் மட்டும் ஒருவர் பெயரை மற்றவர் பார்த்துக்கொள்வார்கள்.

எனவே ஜாய்சன் போட்ட கணக்கு எளிது. எட்மண்ட் சார் ஒரே வரியில், “இப்படி ஒரு நிகழ்ச்சி இல்லை” என்பார். கதை முடியும்.

முதலில் வந்தவர் கோகிலவாணி. தொலைபேசி அலுவலகத்தில் இருந்தவர், சிட்லபாக்கம். “ஐயோ, கூழைக்கடா சாரா! எங்க ஸ்கூல்ல அதைப் பாக்கத்தான் லீவே போடாம போவேன்!”

ஜாய்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்து மோகன்ராஜ். சேலையூரில் கேபிள் நடத்துபவர். சிறுவயதில் பள்ளி மொட்டைமாடியில் ஆன்டெனா திருப்பும் உரிமை தன் ஒருவனுக்கே இருந்தது என்பது அவர் வாழ்க்கைப் பெருமை. குரல் பதிவு அனுப்பினார். “கூழக்கடாவா? நல்லா ஞாபகம் கீது சார். அது வந்தா மட்டும் படம் ஆடும். நான் மேல ஏறிப் புட்ச்சிகினே நிப்பேன். பாதிப் பாடம் வெயில்ல பூட்ச்சு.”

மூன்றாவதாகப் பல்லாவரத்திலிருந்து சத்தியநாதன். தோல் ஏற்றுமதி செய்தவர். அப்பாவின் வேலையை முன்னிட்டுச் சிறுவனாக இங்கிலாந்தில் லெஸ்டரில் இரண்டு வருடம் படித்ததால், குழுவில் அவர் பெயரே லெஸ்டர் அண்ணன். எந்தப் பேச்சையும் அவர் அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். “அங்க ஸ்கூல்ல டி.வி.யைச் சக்கரம் வெச்ச வண்டியில தள்ளிக்கிட்டு வருவாங்க. புரோகிராமுக்கு முன்னாடி திரையில வட்டமா புள்ளி. ஒவ்வொண்ணா மறையும். கடைசிப் புள்ளி போறவரைக்கும் ஒரு பையன் மூச்சு விடமாட்டான்.” அதற்கு மோகன்ராஜ் ஒருமுறை, “இங்க கரெண்டே மறஞ்சிரும்ணா. புள்ளி இன்னாத்துக்கு?” என்று கேட்டதிலிருந்து இருவருக்கும் கொஞ்சம் ஆகாது.

சத்தியநாதன் எழுதினார்: “நன்றாக நினைவிருக்கிறது. பிரிட்டிஷ் பாணி. அங்கே பார்த்துத்தான் இங்கே செய்தார்கள்.”

மூன்று சாட்சி. ஜாய்சன் எட்மண்ட் சாருக்காகக் காத்திருந்தான். படித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் விழுந்தது. ‘எழுதுகிறார்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

“நான் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை.”

ஜாய்சன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய் நிஜக் கூழைக்கடாக்களைப் பார்த்தான். அவை அவனை முறைத்தன.

அரை மார்க்கைக்கூடச் சும்மா போடாத மனுஷன். வயசாகிவிட்டதா? மகள் போனதில் புத்தி தளர்ந்துவிட்டதா? போன் செய்து கேட்கலாம். கேட்டால், ஜென்சிதான் அந்தப் பறவையைச் செய்தாள் என்று சொல்ல வேண்டிவரும். கேட்கவில்லை.

அதற்குள் கூழைக்கடா சார் அவன் கையைவிட்டுப் பறந்துவிட்டார். கோகிலவாணிக்கு முகப்புப் பாட்டு ஞாபகம் வந்தது; பாடியே அனுப்பினார். பெருங்களத்தூர்க்காரர் ஒருவருக்குப் பையிலிருந்து தப்பு விடைகள் தவளையாகக் குதித்தது ஞாபகம் வந்தது. இன்னொருவர், அது கூழைக்கடா இல்லை, கொக்கு என்று வாதாடி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிவந்தார். ஜாய்சன் முதல் வாரம் இதையெல்லாம் வேடிக்கை பார்த்தான். கொஞ்சம் எண்ணெயும் ஊற்றினான். “கடைசியில் என்ன சொல்வார்?” என்று கேட்டு, ஏழு விதமான பதில் வாங்கினான்.

ஒன்றை மட்டும் அவன் குழுவில் சொல்லவில்லை. ஏழு என்று யார் சொன்னாலும் கூழைக்கடா சாருக்குத் தும்மல் வரும். ஏன் என்று ஜென்சிக்கே தெரியாது. நாலும் மூணும் எவ்வளவு என்று கேட்டால் அலகைத் தூக்கி, கண்ணைச் செருகி, வீடு அதிரத் தும்முவாள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, “தங்கச்சிக்கு சைனஸா?” என்று விசாரித்துவிட்டு, மிளகு ரசம் செய்யும் முறையும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் சத்தியநாதன் அந்தச் செய்தியைப் போட்டார்.

“நண்பர்களே, நீண்ட யோசனைக்குப் பிறகு நினைவு வந்தது. கூழைக்கடா சாருக்குக் குரல் கொடுத்தவர் என் சித்தப்பா. அவர் மகன் அதே குரலில் பேசுவான். நம் அடுத்த கூட்டத்தில் ஒரு பாடத்தை அப்படியே மறுபடி செய்து காட்டுகிறோம். படம் பிடித்து யூடியூபிலும் ஏற்றுவோம்.” கூடவே ஒரு மாதிரிக் குரல். ஜாய்சன் கேட்டான். பாதிரியார் சாவு அறிவிப்பதுபோன்ற கட்டைக் குரல். “டியர் சில்ட்ரன்” என்று ஆரம்பித்தது.

ஜாய்சனுக்குக் கோபம் வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகக் காலியாகக் கிடந்த வீட்டில் முதல் குடித்தனம் வந்ததுபோல் அது வந்து உட்கார்ந்தது.

கோபத்துக்குப் பின்னால் பயம் இருந்தது. வீடியோ வெட்டுவது தொழிலாக இருந்தும், கூழைக்கடா சாரின் குரலை அவன் ஒருநாளும் பதிவு செய்யவில்லை. கேமராவை எடுத்தால் ஜென்சி சாக்ஸைக் கழற்றிவிடுவாள். அந்த மூக்குக் குரல் அவன் காதில் மட்டும்தான் இருந்தது. இந்த “டியர் சில்ட்ரன்” நாலு முறை கேட்டால் போதும். அவள் குரல் எழுந்துபோய், அந்த இடத்தில் சத்தியநாதனின் சித்தப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

கூழைக்கடா சாரை அவர்களிடம் கொடுப்பதைவிடக் கொன்றுவிடலாம் என்று முடிவுசெய்தான். கூட்டத்துக்குப் போய் சாக்ஸை மேசையில் வைத்து, “இது என் பெண்டாட்டி செய்தது. நீங்கள் யாரும் பார்த்ததில்லை. பார்த்தேன் என்றது எல்லாம் புளுகு” என்று சொல்லிவிட வேண்டும். நாற்பது பேர் முகம் தொங்கும். எட்மண்ட் சார் முகமும்தான். தொங்கட்டும்.

கூட்டம் நடந்தது கிழக்குத் தாம்பரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சிறிய ஹாலில், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு. ஹாலின் நடுவில் ஒரு மரப்பெட்டி. எட்மண்ட் சாரின் பள்ளிக்கு அரசாங்கம் கொடுத்த டி.வி. அதில்தான் இருந்தது, முன்பக்கம் இரட்டைக் கதவு, பூட்டு. பள்ளி அதைக் கழித்துக்கட்டியபோது அவர் விலைக்கு வாங்கிவிட்டார். டி.வி. செத்து வெகுகாலம் ஆயிற்று. இப்போது உள்ளே மோகன்ராஜின் லேப்டாப். ஆனாலும் சாவி எட்மண்ட் சாரிடம்தான். அவர் பூட்டைத் திறந்து, கதவுகளை விரித்து, ஓரமாக ஒதுங்கி நிற்பார். திரையில், அந்தக் காலத்தில் ஒளிபரப்பு தொடங்குமுன் வந்ததுபோல், வண்ணப் பட்டைகள் வரும். ‘ங்ங்’ என்ற ஒற்றை ஓசை. பேரன் பேத்தி எடுத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, பேசாமல், அந்தப் பட்டைகளையே பார்ப்பார்கள். ஒரு நிகழ்ச்சியும் வராது. அந்தக் காத்திருப்பைத்தான் அவர்கள் காசு போட்டு, சமோசா வாங்கி வைத்து, அனுபவித்தார்கள்.

ஜாய்சன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். தோள்பையில் சாக்ஸ். ஜிப் பழுது, அலகு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

பட்டைகள் முடிந்ததும் சத்தியநாதன் எழுந்தார். கோட்டு போட்டிருந்தார். அவர் கையில் கடையில் வாங்கிய ஒரு வாத்து பொம்மை. அதற்கும் கோட்டு, டை.

“சார், இது கூழக்கடாவா?” என்றார் மோகன்ராஜ்.

“கூழைக்கடா கிடைக்கலை. இதை வெச்சுக் கற்பனை பண்ணிக்குங்க.”

“கறிக்கடையில சொல்லிருந்தா நானே புட்ச்சாந்திருப்பேன்.”

“மோகன், சும்மா இருப்பா” என்றார் கோகிலவாணி. “நீங்க போடுங்கண்ணா.”

“டியர் சில்ட்ரன்” என்றது கட்டைக் குரல் ஒலிபெருக்கியில். ஜாய்சன் எழுந்தான். வாய் திறந்தான்.

“நிறுத்துங்க” என்றார் எட்மண்ட் சார்.

ஒலிபெருக்கி நின்றது. அவர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கதவைப் பிடித்தபடி நின்றார்.

“இந்தக் குரல் தப்பு. அது பொம்பளைக் குரல். மூக்கால பேசும்.”

“சார், எங்க சித்தப்பா...” என்றார் சத்தியநாதன்.

“உங்க சித்தப்பா வேற எதுலயாவது பேசியிருப்பாரு. இதுல இல்லை. அது மட்டுமில்ல. ஏழுன்னு சொன்னா அது தும்மும்.”

அதை ஜாய்சன் யாரிடமும் சொன்னதில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“தும்மலா?” சத்தியநாதன் இழுத்தார். “அப்படி ஒண்ணும் எனக்கு ஞாபகம்...”

“ஆமா!” என்று கோகிலவாணி துள்ளினார். “தும்மும், தும்மும்! எங்க கிளாஸே சேர்ந்து தும்முவோம். டீச்சர் எல்லாருக்கும் ஸ்கேல்ல ஒண்ணு போடுவாங்க!”

“அதான பாத்தேன்!” மோகன்ராஜ் தொடையில் அடித்துக்கொண்டார். “டமார்னு ஒரு சவுண்டு வரும். நான் ஆன்டெனால இடி வுழுந்துடுச்சுன்னு நெனச்சிகினு கீழ குதிச்சிட்டேன் சார் ஒரு தபா. கால் பெசகிப் போச்சு. இதோ, இன்னிக்கும் நொண்டறேன்.”

சத்தியநாதன் வாத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். “இப்ப நினைவு வருது” என்றார். “லெஸ்டர்லயும் தும்மிச்சு.”

எட்மண்ட் சார் கடைசி வரிசையைப் பார்த்தார். “ஜாய்சா, பையில என்ன எட்டிப் பாக்குது?”

நாற்பது தலைகள் திரும்பின. ஜாய்சன் குனிந்து பார்த்தான். மஞ்சப்பைத் தாடை தொங்க, கூழைக்கடா சார் ஜிப்பின் வழியே சபையை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரிஜினல்!” என்றது ஒரு குரல். யாரோ கைதட்டினார்கள். கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதே பைதான், அதே மஞ்சள்தான்” என்றார், கறுப்பு வெள்ளை நிகழ்ச்சியைப் பற்றி.

இதுதான் நேரம். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எட்மண்ட் சார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாணவன் கரும்பலகைக்கு வரும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஆனால் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று அடங்காமல் துடித்தது. அந்தத் துடிப்பை ஜாய்சனுக்குத் தெரியும். அது ஜென்சியின் உதடு.

“சாரைக் கேளுங்க” என்றார் எட்மண்ட். “நாலும் மூணும் எவ்வளவு?”

ஜாய்சன் சாக்ஸுக்குள் கையை விட்டான். உள்ளே துணி சொரசொரத்தது. பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, அலகை மட்டும் மேலே நீட்டினான். இன்னொரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

“ஏழு” என்றான்.

குரல் வந்தது. அவனுடையதாக இல்லை, முழுக்க அவளுடையதாகவும் இல்லை. ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை சோற்றுப்பானைக்கு முன்னால் நின்ற இடம் எதுவோ, அங்கிருந்து வந்தது. பிறகு தும்மினான். ஹால் மொத்தமும் தும்மியது. சத்தியநாதன் எல்லோருக்கும் கடைசியாக, ஆங்கிலத் தும்மல் போல ஒன்று, கைக்குட்டைக்குள் தும்மினார். மரப்பெட்டியின் மறைவில் ஜாய்சன் சிரித்துக்கொண்டிருந்தான். நிறுத்த முடியவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று அவனால் சொல்ல முடியாது. மரப்பலகையில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். மேலே அலகு மட்டும், கடமை தவறாமல், ஆடிக்கொண்டேயிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு எட்மண்ட் சார் பெட்டியைப் பூட்டினார். இருவரும் வெளியே வந்தார்கள். வேப்பமரத்தடியில் ஜாய்சனின் பைக் நின்றது.

“மாமா, தும்மல் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பாத்தேன்.”

“எங்க?”

“ஆஸ்பத்திரியில. நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்தே. வியாழக்கிழமை. தலகாணி உறையைக் கையில மாட்டிக்கிட்டு முழுப் பாடமும் நடத்தினா. பக்கத்துக் கட்டில் அம்மாகூடப் பாத்தாங்க. நர்ஸ் வந்து தும்மலுக்கு மாத்திரை குடுத்துட்டுப் போச்சு.” அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். “முடிஞ்சதும் சொன்னா. ‘அப்பா, ஜாய்சன் என்னைக்காவது ஒருநாள் இதைக் குரூப்புல போடுவான். அவனால சும்மா இருக்க முடியாது. போட்டா, நீங்க பாத்திருக்கேன்னு சொல்லணும்’னு. நான் பொய் சொல்ல மாட்டேன்னேன். ‘அதான் காட்டிட்டேனே, இனிமே எங்க பொய்?’னு கேட்டா.”

ஜாய்சன் பைக் சீட்டைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“நான் அப்படிச் சொல்றப்ப உன் மூஞ்சியை மட்டும் நல்லாப் பாத்து வெச்சுக்கச் சொன்னா” என்றார் எட்மண்ட். “பாத்துட்டேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“கேவலமா இருந்துச்சு.”

சமோசாத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போன கோகிலவாணி, “வரேன் சார், வரேன் தம்பி” என்று இருவருக்கும் பொதுவாக ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போனார்.

“வீட்டுக்கு வா” என்றார் எட்மண்ட். “தபீதா மீன் வாங்கியிருக்கா. அப்புறம் இன்னொண்ணு. அன்னைக்கு அவ ஒரு புரோகிராம் இல்ல, ரெண்டு காட்டினா.”

“ரெண்டாவது என்ன மாமா?”

“சொல்ல மாட்டேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி குரூப்புல போடுவேன். சாட்சி வேணும்.”

“நான் பாக்கலையே.”

“அதான் யோசிக்கிறேன்.”

ஜாய்சன் ஹெல்மெட்டை மாட்டினான். மாமனார் பின்னால் ஏறி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். பையில் கூழைக்கடா சார் இருவருக்கும் நடுவில் நசுங்கினார்.

“கலரா, கறுப்பு வெள்ளையா?”

“கறுப்பு வெள்ளை.”

“ஆமா, நல்லா ஞாபகம் இருக்கு” என்று சொல்லி, ஜாய்சன் வண்டியை எடுத்தான்.